தூக்கிட்டுப் போங்க, அண்ணி

ஜனவரி 19

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

வணக்கம். நானும் உங்கள் தம்பியும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் என் மகள் குண்டூசியும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். நாம் போனில் பேசக் கூடாது, கடிதம் எழுதலாம், அதுவும் குழந்தைகள் நல அலுவலகத்தில் படித்துப் பார்த்த பிறகுதான் உங்கள் கைக்கு வரும் என்று உத்தரவு. ஆகவே இதை முதலில் படிக்கிற அலுவலர் அம்மாவுக்கும் என் வணக்கம். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விஷயத்தைத் தம்பி சொல்லியிருப்பார். போன வாரம் புதன்கிழமை என் மேல் இருந்த வழக்கைப் போலீஸ் தரப்பில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பத்தொன்பது மாதமாக இழுத்தது கால் மணி நேரத்தில் முடிந்துபோயிற்று. நீதிபதி தாளைப் பார்த்தபடியே ஏதோ சொன்னார். வக்கீல் அம்மா என் முழங்கையைத் தட்டி, "அவ்வளவுதான், வாங்க போகலாம்" என்றார். இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்று நினைத்து நான் உட்கார்ந்தே இருந்தேன். அடுத்த வழக்குக்காரர் நாற்காலிக்காக வந்து நின்ற பிறகுதான் எழுந்தேன்.

வெளியே வந்ததும் உங்கள் தம்பி செய்த காரியத்தைக் கேளுங்கள். நீதிமன்றத்து லிஃப்டில் ஏறி, கதவு சரியாக மூடவில்லை என்று இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தார். லிஃப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான். கதவு ஒழுங்காக மூடிய பிறகு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். கீழ்த்தளம் வந்தது, ஆட்கள் ஏறினார்கள், நாங்கள் இறங்கவில்லை. அவர்களோடு மறுபடி மேலே போய்விட்டு வந்தோம்.

அந்தத் தாளின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். 'போதிய ஆதாரம் இல்லாத காரணத்தால்' என்று எழுதியிருக்கிறார்கள். குற்றம் செய்யவில்லை என்று எழுதித் தரமாட்டார்களா என்று கேட்டேன். அப்படி ஒரு தாள் கிடையாது என்றார் வக்கீல் அம்மா. இரண்டாவதாகப் பார்த்த எலும்பு டாக்டர், குழந்தைக்குப் பிறவியிலேயே எலும்பு பலம் குறைவாக இருக்கலாம், அதனால்தான் தொடை எலும்பு முறிந்தபோது எடுத்த படத்தில் பழைய விரிசல்களும் தெரிந்திருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். முதலில் பார்த்த டாக்டரோ, அதெல்லாம் இல்லை, யாரோ முறுக்கியிருக்கிறார்கள் என்பதிலேயே நிற்கிறார். இரண்டு டாக்டரும் ஒத்துப்போகாததால் போலீஸ் விட்டுவிட்டது. வீங்கிய காலோடு பதினொரு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது நான்தான் என்பது மட்டும் எந்தத் தாளிலும் இல்லை.

வழக்கு முடிந்துவிட்டது, இனி அவளை அழைத்து வரவேண்டியதுதான் என்று நான் பைத்தியக்காரி மாதிரி அன்று சாயங்காலமே செருப்புக் கடைக்குப் போனேன். கடைக்காரர் அளவு கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இரண்டரை வயது என்றேன். வயசுக்குக் கால் வளராதும்மா, ஆளுக்கு ஆள் மாறும் என்றார். ஒரு குத்துமதிப்பாக வாங்கி வந்தேன். முடிந்தால் அவள் காலை ஒரு தாளில் வைத்துப் பென்சிலால் வரைந்து அனுப்புங்கள்.

மறுநாள்தான் வக்கீல் அம்மா புரியவைத்தார். அந்தக் கோர்ட்டு வேறு, குழந்தைக்கான கோர்ட்டு வேறாம். அங்கே வழக்கு இல்லை என்றால் இங்கே குழந்தை தானாக வந்துவிடாதாம். உங்களைப் பாதுகாவலர் என்று போட்ட உத்தரவை மாற்ற நாங்கள் மனுக் கொடுக்க வேண்டும். அவர்கள் உங்கள் அபிப்பிராயத்தைக் கேட்பார்கள். அண்ணி, அந்த நேரத்தில் நீங்கள் மட்டும் முன்வராமல் இருந்திருந்தால் அவளை யார் யார் வீட்டுக்கோ அனுப்பியிருப்பார்கள். நான் உள்ளே இருந்த நாற்பது நாளும் அவள் உங்களிடம் இருக்கிறாள் என்ற ஒரு நினைப்பில்தான் சாப்பிட்டேன், தூங்கினேன். தபால் ஆபீஸ் வேலையைப் பாதி நாளாக்கிக்கொண்டு அவளுக்காகவே இருக்கிறீர்கள். இதற்கெல்லாம் நன்றி என்று எழுதினால் அந்த வார்த்தை போதவில்லை. உங்களைக் கேட்கும்போது எங்களுக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் என்னை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். முன்பக்கம் உட்காரவைப்பதில்லை. "கஸ்டமர் யாராவது பேப்பர்ல உங்க படத்தப் பாத்திருப்பாங்க, எதுக்கும்மா வம்பு" என்றார் முதலாளி. பின் அறையில் வில்லை தேய்க்கிற மெஷினோடு இருக்கிறேன். எனக்கும் அதுதான் வசதி. அந்தச் சத்தத்தில் யாரும் எதுவும் விசாரிக்க முடியாது.

குண்டூசிக்கு என் முத்தம். யார் கொடுத்தது என்று சொல்லவேண்டாம், சும்மா கொடுத்தால் போதும்.

பணிவுடன்,
உங்கள் தம்பி மனைவி


மார்ச் 8

அன்புள்ள அண்ணிக்கு,

செவ்வாய்க்கிழமை கோர்ட்டில் உங்களை இவ்வளவு கிட்டத்தில் பார்த்தும் பேச முடியவில்லை. உங்கள் முடி இத்தனை நரைத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆறு மணி நேர ரயில், திரும்ப ஆறு மணி நேரம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலை பெஞ்சிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். தம்பி எடுத்து வைத்திருக்கிறார்.

கால் வரைந்த தாள் வந்து சேர்ந்தது. செருப்பு இரண்டு விரற்கடை சின்னது. கடையில் மாற்றிக்கொண்டேன். கட்டை விரல் பக்கம் கோடு நெளிந்திருக்கிறது, அப்போது அவளுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டியதோ என்னவோ. அந்தத் தாளை நான் வேலை செய்கிற மேஜையின் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

நீங்கள் சொன்ன வாக்குமூலத்தைப் படித்தார்கள். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, நம்புங்கள். 'குழந்தை என்னிடம் பழகிவிட்டது. என்னைத்தான் அம்மா என்று கூப்பிடுகிறாள். எடுத்த எடுப்பில் பிரித்தால் தாங்கமாட்டாள்.' இதில் எது பொய்? ஒன்றும் இல்லை. நீதிபதி அதைத்தான் பிடித்துக்கொண்டார். குழந்தை ஒரு வீட்டில் வேர் பிடித்துவிட்டது, அவசரப்பட முடியாது என்றார். வக்கீல் அம்மா எழுந்து, வழக்கை இழுத்தது நாங்கள் இல்லையே, அவர்கள் இழுத்த காலத்தையே இப்போது தாய்க்கு எதிராகக் கணக்கில் எடுப்பது என்ன நியாயம் என்று கேட்டார். நீதிபதி கோபப்படவில்லை. நியாயமான கேள்விதான் என்று சொல்லிவிட்டு, ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று எழுதிவிட்டார்.

அந்த ஆறு மாதத்தில் நான் பெற்றோர் பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டும். வீட்டைச் சோதிக்க வருவார்கள். மாதம் ஒரு தடவை, உங்கள் ஊர் அலுவலகத்தில், ஆள் பக்கத்தில் இருக்க, ஒரு மணி நேரம் அவளைப் பார்க்கலாம். தம்பியையும் என்னோடு சேர்த்துத்தான் கணக்கு. அவர் மேல் எந்தக் காலத்திலும் வழக்கே இல்லை, ஆனாலும் என்னோடு ஒரே வீட்டில் இருப்பதால் அவருக்கும் அதே ஒரு மணி நேரம்தான்.

வீட்டுக்கு வந்ததும் எங்களுக்குள் சண்டை. அண்ணி இப்படிச் சொல்லிவிட்டார்களே என்று நான் வாய்விட்டுவிட்டேன். "அக்கா சொன்னதுல என்ன தப்பு?" என்று ஒரே வார்த்தை கேட்டார். இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. அம்மா போன வீட்டில் ஆறு வயதுப் பிள்ளையாக இருந்தவரைக் குளிப்பாட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி ஆளாக்கியவர் நீங்கள். உங்களை எதிர்த்து அவர் வாயில் ஒரு வார்த்தை வராது. வரவும் வேண்டாம். மூன்றாம் நாள் அவரே காபி போட்டு எடுத்து வந்தார். சர்க்கரைக்குப் பதில் உப்பு. குடித்துவிட்டேன்.

'எடுத்த எடுப்பில்' என்று சொன்னீர்கள் இல்லையா? அந்த ஒரு சொல்லைத்தான் நான் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறேன். அப்படியென்றால் கொஞ்சம் கொஞ்சமாக என்றால் உங்களுக்குச் சம்மதம் என்றுதானே அர்த்தம்?

இன்னொன்று. சொன்னால் உங்களுக்கு எரிச்சல் வரும், தெரியும். அவளைக் கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். அடியில் ஒரு கை, முதுகில் ஒரு கை கொடுத்துத் தூக்குங்கள். எலும்பு டாக்டர் சொன்னதுதான். அது வக்கீலுக்காகச் சொன்ன கதை என்று நீங்கள் நினைப்பதாகத் தம்பி மூலம் காதில் விழுந்தது. இருக்கட்டும். 'இருக்கலாம்' என்று அவர் எழுதினாரே, அந்தச் சொல்லுக்காகவாவது செய்யுங்கள்.

அவளுக்கு நல்ல உடம்பையும் உங்களுக்கு நல்ல தூக்கத்தையும் வேண்டிக்கொள்கிறேன்.

அன்புடன்,
தம்பி மனைவி


ஜூன் 22

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் ஊரில் நல்ல வெயில் என்று கேள்விப்பட்டேன். அவளுக்குக் கழுத்தில் வேர்க்குரு வருமே, சரியாகிவிட்டதா?

வகுப்பில் எட்டு முடித்துவிட்டேன், இன்னும் நாலு இருக்கிறது. சொல்லித் தருகிற பெண்ணுக்கு இருபத்து நாலு வயது இருக்கும், கல்யாணம் ஆகவில்லை, நல்ல பெண். குழந்தையை எப்படிக் குளிப்பாட்ட வேண்டும் என்று ஒரு ரப்பர் பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். என் முறை வந்தது. துண்டில் சுற்றித் தூக்கினேன். பொம்மையின் கை கழன்று என் கையோடு வந்துவிட்டது. பழைய பொம்மை, இதுவரை எத்தனை பேர் குளிப்பாட்டினார்களோ. எல்லோரும் என் கையையே பார்த்தார்கள். அங்கே உட்கார்ந்திருக்கிற எட்டுப் பேருக்கும் ஒவ்வொரு வழக்கு, யாருக்கு என்ன என்று எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் இருந்த பேக்கரிக்காரர், "இதுக்கும் எலும்பு வீக்குதான் போல" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன், அப்படியே அழுகையில் போய் நின்றது. அந்தப் பெண் பதிவேட்டில் ஏதோ எழுதினாள். சிரித்ததை எழுதினாளா, அழுததை எழுதினாளா தெரியவில்லை. இரண்டுமே எனக்கு ஆகாது.

வீட்டுச் சோதனை முடிந்தது. அலுவலர் அம்மா ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே இருக்கிற இடைவெளியை அளந்தார். ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தார். மருந்துப் பெட்டி எட்டாத உயரத்தில் இருக்கிறதா என்று பார்த்தார். கோபம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். பாத்திரம் கழுவுவேன் என்றேன். எப்படி என்றார். சோப்புப் போட்டு என்றேன். நான் கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே அந்த நேரத்தில் அதுதான் வாயில் வந்தது. அவர் இதைப் படிக்கும்போது அது அவருக்கும் புரியட்டும்.

மூன்று தடவை அவளைப் பார்த்துவிட்டேன். முதல் தடவை ஒரு மணி நேரமும் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீங்கள் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று அவளுக்குத் தெரியும். இரண்டாவது தடவை தம்பியிடம் மட்டும் போனாள். போன சனிக்கிழமை கடையில் இருந்து வில்லை இல்லாத பழைய ஃபிரேம்கள் பத்துப் பன்னிரண்டு கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு சுவர்க் கண்ணாடியில் பார்த்தாள். மூக்கு சின்னது, எல்லாம் வழுக்கி வாய்க்கு வந்துவிடுகிறது. ஒரு பெரிய கறுப்பு ஃபிரேமை எடுத்து என் முகத்தில் மாட்டிவிட்டு, "டாக்டர்" என்றாள். பிறகு அவள் கண்ணை, காதை, நாக்கை எல்லாம் காட்டினாள். நான் பார்த்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அவ்வளவு கிட்டத்தில் அவள் மூச்சு என் மேல் பட்டது, அண்ணி.

நேரம் முடிந்ததும் அம்மா என்று உங்களிடம் ஓடினாள். அவளைத் தூக்கிக்கொண்டு நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள், ஏதோ சொல்ல வாயெடுத்தீர்கள். அலுவலர் அம்மா வந்துவிட்டார். என்ன சொல்ல வந்தீர்கள் என்று ரயிலில் வரும்போது முழுக்க யோசித்துக்கொண்டே வந்தேன். எழுதக்கூடியது என்றால் எழுதுங்கள்.

செப்டம்பரில் மறுபடி கோர்ட்டு. வாரத்துக்கு ஒரு நாள் என்று கேட்கப்போகிறோம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.

உங்கள் இருவர் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
தம்பி மனைவி


ஆகஸ்ட் 11

அண்ணி,

இந்தக் கடிதம் அலுவலகம் வழியாக வரவில்லை. தம்பி கையில் கொடுத்து அனுப்புகிறேன். இப்போது நாம் போனில் பேச எந்தத் தடையும் இல்லை. குழந்தை உங்கள் வீட்டில் இல்லையே, பிறகு எதற்குத் தடை? நீங்கள்தான் எடுப்பதில்லை. போன ஞாயிறு தம்பி வந்து ஒன்றரை மணி நேரம் கதவைத் தட்டியிருக்கிறார். உள்ளே நீங்கள் நடக்கிற சத்தம் கேட்டதாம். அதனால் இதைக் கதவுக்கு அடியில் தள்ளச் சொல்லியிருக்கிறேன். கிழித்துப் போட்டாலும் பரவாயில்லை, படித்துவிட்டுக் கிழியுங்கள்.

அன்றைக்கு நடந்ததை என் பக்கத்தில் இருந்து சொல்கிறேன். காலை ஒன்பதரை மணி இருக்கும். தம்பி கடைக்கே ஓடிவந்தார், கையெல்லாம் கிரீஸ். பின் அறைக்குள் வந்து மெஷினை அவரே நிறுத்திவிட்டு, போனை ஸ்பீக்கரில் வைத்தார். "டேய், சட்டைதான்டா மாட்டினேன். கழுத்து இறுக்கமா இருந்துச்சு, கைய உள்ள விட்டு இழுத்தேன். வேற ஒண்ணுமே பண்ணலடா. வீங்குது" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். பின்னால் அவள் அழுகிற சத்தம். எனக்கு அந்த அழுகை தெரியும். தொடை எலும்பு முறிந்த அன்று கேட்ட அதே அழுகை.

அண்ணி, இதை நான் எழுதாமலே விட்டிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் இதை மறைத்துவிட்டு உங்களுக்கு ஆறுதல் சொல்ல என்னால் முடியாது. அந்த அழுகையைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். நான் செய்யவில்லை, இதோ, இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி பரவியது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். என் பிள்ளை வலியில் கத்துகிறாள், நான் சந்தோஷப்பட்டேன். அதற்குப் பிறகுதான் பயமும் மற்றதெல்லாமும் வந்தன.

உத்தரவை மீறித் தம்பி கையில் இருந்து போனை வாங்கினேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க அண்ணி என்றேன். "போனா என்ன ஆகும்னு உனக்குத் தெரியும்ல?" என்று கேட்டீர்கள். தெரியும் என்றேன். "தெரிஞ்சுமா போகச் சொல்ற?" என்றீர்கள். "அவளுக்கு வலிக்குதுல்ல அண்ணி" என்றேன்.

பத்து நாளாக அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவளுடைய வலிக்காகத்தான் போகச் சொன்னேனா, அல்லது படம் எடுத்தால் என் மேல் இருக்கிற பழி போகும் என்று சொன்னேனா? அவளுக்காகத்தான் என்று நெஞ்சில் கையை வைத்துச் சொல்லப் பார்க்கிறேன், முடியவில்லை. இரண்டும் ஒன்றாகவே வாயில் வந்தது. நீங்கள் மட்டும் ஒன்றும் யோசிக்கவில்லை. என்ன ஆகும் என்று தெரிந்தே, அவளுக்காகத் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள். செருப்புக்கூடப் போடாமல் போனீர்களாம், ஆஸ்பத்திரிக் காவலாளி தம்பியிடம் சொல்லியிருக்கிறார்.

பிறகு நடந்ததெல்லாம் எனக்குப் பாடமான கதைதான். மாவுக்கட்டுப் போட்டார்கள், ஃபைலைப் புரட்டினார்கள், பழைய வழக்கு தெரிந்தது, ஆட்கள் வந்தார்கள். சாயங்காலத்துக்குள் அவளை முன்பின் தெரியாத ஒரு வீட்டில் விட்டுவிட்டார்கள். உங்கள் கையில் இருந்து அவளை வாங்கும்போது அவள் உங்கள் வளையலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை என்றும், நீங்களே அவள் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்தீர்கள் என்றும் கேள்விப்பட்டேன். உடைந்துவிடுமோ என்று மெதுவாகப் பிரித்தீர்களாம். அப்போதே உங்களுக்குத் தெரிந்துவிட்டது, இல்லையா அண்ணி? எலும்பு டாக்டர் சொன்னது கதை இல்லை என்று.

வக்கீல் அம்மா சொல்கிறார், எங்கள் மனுவுக்கு இது நல்லதுதானாம். நல்லது என்ற சொல்லை அவர் எப்படிச் சொன்னாரோ. இரத்தம் எடுத்து வெளியூர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வர மூன்று மாதம். வந்தாலும் முன்பு மாதிரி 'இருக்கலாம்' என்று வரக்கூடுமாம். உங்கள் மேல் விசாரணை முடிகிற வரை எங்கள் மனுவை எடுத்துக்கொள்ள முடியாது என்று செப்டம்பர் தேதியைத் தள்ளிவைத்துவிட்டார்கள். என் மேல் வழக்கு இல்லை, உங்கள் மேல் இன்னும் வழக்கே போடவில்லை, ஆனால் குழந்தை உங்களிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. யாரிடம் போய் எதைக் கேட்பது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. தம்பி ஒரு நாள் முழுக்க அந்த அலுவலக வாசலில் நின்றுவிட்டு வந்தார். பச்சை மசியில் எழுதுகிற அந்த அலுவலர் அம்மாவை நாங்கள் வீட்டில் பச்சைப் பேனா என்றுதான் சொல்வோம். அவர்கூட அன்று தம்பியை உட்காரச் சொல்லி, "எனக்கே கஷ்டமா இருக்கு சார், ஆனா என் கையில ஒண்ணும் இல்ல" என்றாராம். எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. விசாரணையில், "என் கையாலதான் ஆச்சு, தப்பு என்னோடதுதான்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறீர்களாம். அண்ணி, கெஞ்சிக் கேட்கிறேன், அதை இனிச் சொல்லாதீர்கள். இதுவரை நான் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அன்று, இரண்டு வருடம் முன்பு, எக்ஸ்ரே அறைக்கு வெளியே நர்ஸ் என்னிடம் என்ன ஆச்சு என்று கேட்டாள். நான் அழுதுகொண்டே, "நான்தான் சரியாப் பாத்துக்கல" என்றேன். பெற்றவள் எவளும் அப்படித்தான் சொல்வாள். அதை அவர்கள் 'தாய் ஒப்புக்கொண்டார்' என்று எழுதிவிட்டார்கள். நாற்பது நாள் உள்ளே இருந்தது அந்த ஒரு வரிக்காகத்தான். அவர்கள் தாளில் துக்கத்துக்கு இடமில்லை. என்ன நடந்ததோ அதை மட்டும் சொல்லுங்கள். சட்டை மாட்டினேன், கழுத்து இறுக்கம், கையை இழுத்தேன், வீங்கியது, தூக்கிக்கொண்டு வந்தேன். அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். எனக்காகப் பழியை ஏற்றுக்கொள்வதாக நினைத்துச் செய்கிறீர்கள் என்றால், அந்தக் கடன் உங்களுக்கு என்னிடம் இல்லை.

வெள்ளிக்கிழமை அவளைப் பார்த்தேன். எனக்கு அனுமதி இருக்கிறது, உங்களுக்கு இல்லை. இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது? இடது கையில் கட்டு. யாரோ அதில் பூ வரைந்திருக்கிறார்கள். கொஞ்சம் இளைத்திருக்கிறாள், மற்றபடி சுகம்தான். அந்த வீட்டம்மா மோசமில்லை, இன்னும் மூன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார், நேரத்துக்குச் சாப்பாடு, குளியல் எல்லாம் நடக்கிறது. உள்ளே வந்ததும் கதவைத் திறந்து வெளியே பார்த்தாள், பெஞ்சு காலியாக இருந்தது. அம்மா எங்கே என்று என்னைத்தான் கேட்டாள். வருவாங்க என்றேன். பச்சைப் பேனா நிமிர்ந்து பார்த்துவிட்டு எதுவும் எழுதவில்லை.

கிளம்பும்போது அந்த வீட்டம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மத்தியானம் தூங்கவைக்கும்போதெல்லாம் 'புய்யா, புய்யா' என்று கேட்டுக் கேட்டு அழுகிறாளாம். தண்ணீர் கொடுத்துப் பார்த்தாராம், பொம்மை, போர்வை, ஜன்னலைத் திறந்துவிடுவது, அது எதுவும் இல்லையாம். அழுது களைத்துத்தான் தூங்குகிறாளாம். "பெத்தவங்க நீங்க, உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

வரும் வெள்ளிக்கிழமை மறுபடி ஒரு மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். புய்யா என்றால் என்ன அண்ணி? அது ஏதாவது பொருளா, பாட்டா, நீங்கள் அவளுக்குச் செய்கிற ஒன்றா? ஒரு வரி எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளுங்கள். பொருள் என்றால் தம்பியிடம் கொடுத்து அனுப்புங்கள். நீங்கள் செய்வது என்றால், எப்படிச் செய்வது என்று எனக்குச் சொல்லிக்கொடுங்கள். தம்பி வாசல்படியில்தான் உட்கார்ந்திருக்கிறார், வாங்காமல் எழுந்து வரமாட்டார். அவரை உள்ளே கூப்பிட்டு, நீங்களும் அவரோடு ஏதாவது சாப்பிடுங்கள்.

உங்கள்
குண்டூசியின் அம்மாக்களில் ஒருத்தி